நான் கழுவி அழித்த விலாங்கு

என் அன்பு மகனே,

நீ மெல்பேர்ணுக்குப் போய் இன்றைக்கு இருபத்திரண்டு நாள். சாப்பிட்டாயா, குளிருக்குப் போர்வை காணுமா, அறைக்குள் ஹீட்டர் வேலை செய்கிறதா என்பதெல்லாம் தொலைபேசியில் கேட்டாயிற்று. அதனால் இந்தக் கடிதத்தில் உன்னை விசாரிக்கப் போவதில்லை. நான் என் கதையைச் சொல்லப் போகிறேன். நேற்று, நான் துப்புரவு வேலை செய்கிற பள்ளிக்கூடத்தில் சுவரோவியம் திறந்துவைத்தார்கள். அப்பா எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு "வாவ் அம்மா" என்று எழுதியிருந்தாய். அது எனக்குக் காணாது, தம்பி. காலையிலிருந்து குசினிக்குள் அங்கும் இங்கும் நடக்கிறேன். அப்பாவின் தேத்தண்ணிக்கு இரண்டு தரம் சீனி போட்டுவிட்டேன்; அவர் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்து, "இஞ்சேர், அவனுக்கு எழுதித் துலை. எழுதினால்தான் நீ ஒரு இடத்தில இருப்பாய்" என்று சொல்லி இந்தக் கொப்பியை எடுத்துத் தந்தார். நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் என்று தெரியும். ஆறுதலாக வாசி. விளங்காத சொல் வந்தால் தாண்டிப் போ, கதை உன்னை விட்டுப் போகாது.

படத்தில் தெரியாததை முதலில் சொல்கிறேன். அது பள்ளி மண்டபத்தின் வெளிச்சுவர், வீதியைப் பார்த்தது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நான் நடந்தால் நாற்பத்தொரு அடிவைப்பு. அந்த நீளம் முழுக்க ஆறு ஓடுகிறது. ஆற்றுக்குள் ஒரு விலாங்கு மீன், நம்முடைய காரைவிடப் பெரியது. பரமட்டா என்று நாம் வாயில் போட்டு மெல்லுகிற இந்த ஆற்றங்கரை ஊரின் பெயரே விலாங்குகள் கிடக்கிற இடம் என்ற சொல்லிலிருந்து வந்ததாம். இத்தனை வருடம் அந்த ஸ்டேஷனில் ரெயின் மாறியிருக்கிறேன், ஒருத்தரும் எனக்குச் சொல்லவில்லை. ஆற்றின் மேலே மரப்பட்டையில் செய்த சிறு வள்ளங்கள். அவற்றில் இருந்து மீன் பிடிப்பவர்கள் பெண்கள்! வள்ளத்தின் நடுவில் களிமண் பூசி, அதன் மேல் நெருப்பு மூட்டி, பிடித்த மீனை அங்கேயே சுட்டுப் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறார்கள். மரப்பட்டை வள்ளத்துக்குள் நெருப்பு. முதலில் நான் நம்பவில்லை, மூன்று தரம் கேட்டேன். கரையில் மஞ்சள் பூப் பூத்த கிழங்குச் செடிகள். அதற்கு அங்கால் பூர்வகுடித் தாய்மார் வரிசையாக நிற்கிறார்கள், கைகள் வெறுமையாக. அவர்களுடைய பிள்ளைகளை அந்தக் காலத்து வெள்ளைக்கார ஆட்சி பிடித்துக்கொண்டுபோய் அடைத்து வைத்த பள்ளி ஒன்று இங்கிருந்து அதிக தூரத்தில் இல்லையாம். ஆனால் ஓவியம் அதோடு முடியவில்லை. வலது முனையில் பிள்ளைகள் ஓடி வருகிறார்கள், பள்ளிக்கூடப் பையோடு, இந்தக் காலத்துப் பிள்ளைகள். 

இதை வரைந்தவர் பெயர் ஜோலீன். இந்த மண்ணின் தாருக் மக்களைச் சேர்ந்தவர். ஐம்பது வயது இருக்கும். ஒரு முழங்கால் மடங்காது, ஆனாலும் ஏணியில் ஏறி நின்று பாட்டுப் பாடுவார். பிள்ளைகள் எல்லாரும் அவரை அன்ரி ஜோலீன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர்களும் நம்மைப் போலத்தான், மூத்தவர்களை அன்ரி என்று சொல்லாமல் வெறும் பெயர் சொல்ல மாட்டார்கள். அவரும் பள்ளி அதிபரும் மற்றவர்களும் பேசியது ஆங்கிலத்தில். நான் நம்முடைய தமிழில் எழுதுகிறேன், அப்போதுதான் எனக்கு ஓட்டமாக வரும்.

இந்த ஓவியம் அந்த வீதிச்சுவருக்கு வந்ததற்குக் காரணம் நான் செய்த ஒரு பிழை. அந்த நாட்களில் நீ வீட்டில்தான் இருந்தாய், எலெக்ட்ரீஷியன் லைசென்ஸ் பரீட்சைக்கு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாய். "ஏன் அம்மா முகம் ஒரு மாதிரி?" என்று கேட்டாய். தலையிடி என்றேன். தலையிடி இல்லை.

முதலில் ஓவியத்துக்கென்று கொடுத்தது கழிவறைக் கட்டடத்தின் பக்கச்சுவர். முதல் நாள் அன்ரி ஜோலீனும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளும் கரியாலும் சோக்காலும் அதில் கோடு போட்டிருக்கிறார்கள். விலாங்கின் உடம்பு, வட்டங்கள், செம்மண்ணில் தோய்த்த கைகளின் அடையாளம். மூன்று மணிக்குப் பிறகு வேலைக்கு வந்த எனக்கு அது ஒன்றும் தெரியாது. அதற்கு முந்தைய மாதம்தான் யாரோ அந்தச் சுவரில் தூஷண வார்த்தை எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். சுவரில் கிறுக்கல் கண்டால் மறுநாள் பிள்ளைகள் வருவதற்குள் இல்லாமல் செய்ய வேண்டும் என்பது எங்களுக்குக் கட்டளை. நான் தண்ணீரை வேகமாக அடிக்கும் மெஷினை இழுத்து வந்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, ஒன்றரை மணித்தியாலம் நின்று கழுவினேன். கடைசிக் கைத்தடம் போக மறுத்தது. அதை நகத்தால் சுரண்டினேன், தம்பி. முடிந்ததும் சுவர் பளபளவென்று நின்றது. எனக்குப் பெருமை. படம் எடுத்துப் பாலா மாமாவுக்கு அனுப்பினேன். எனக்கு இந்த வேலையை எடுத்துத் தந்த சுப்பர்வைசர் அவர்தானே. அவரும் கட்டை விரலைக் காட்டிப் பதில் போட்டார்.

அடுத்த நாள் நான் உள்ளே வரும்போது அலுவலகத்துக்கு வெளியே ஒரு பெண்பிள்ளை கதிரையில் இருந்தாள். பெயர் ரூபி. ஆறாம் வகுப்பு. அவளும் பூர்வகுடிப் பிள்ளைதான். விலாங்கின் தலையைத் தான்தான் வரைவேன் என்று முதல் நாள் அடம் பிடித்திருக்கிறாள். சீட்டுப் போட்டபோது வேறு பிள்ளைக்கு விழுந்துவிட்டது. கோபத்தில், "அப்படியெண்டால் நான் முழுக்க அழிச்சுப்போடுவன்" என்று எல்லாருக்கும் முன்னால் கத்தியிருக்கிறாள். காலையில் வந்து பார்த்தால் சுவரில் ஒன்றுமில்லை. பக்கத்தில் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸ் கிடக்கிறது. பிறகு என்ன? பழி அவள்மேல். கிளீனர்மேல் ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை, ஏனென்றால் அந்தச் சுவரைத் தொட வேண்டாம் என்று எங்கள் துப்புரவுக் கம்பனிக்கு முதலே எழுதியிருக்கிறார்கள். அந்தக் கடிதம் பாலா மாமாவின் தொலைபேசியில் திறக்காமல் கிடந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். மற்றதையெல்லாம் வாசலில் நின்ற ஆசிரியை ஒருவர் எனக்குச் சொன்னார்.

நான் மொப் வாளியோடு பின்பக்கம் போய்ப் பாலா மாமாவைத் தொலைபேசியில் எடுத்தேன். அவர் அப்போதுதான் அந்தக் கடிதத்தைத் திறந்து பார்த்தார். பிறகு, "அக்கா, வாயைத் திறக்காதேங்கோ. சின்னப் பிள்ளை, ரெண்டு நாள் பேச்சு வாங்கும், பிறகு எல்லாரும் மறந்துபோவினம். கம்பனிக்குத் தெரிஞ்சால் முதல்ல நான் வீட்ட போவன், பிறகு நீங்கள்" என்றார். "பாவமெல்லோ அந்தப் பிள்ளை" என்றேன். "உங்கட விசா இன்னும் தற்காலிகம். ஒரு கம்ப்ளெய்ன்ட் போனால் அது எங்க போய் நிக்குமெண்டு ஆருக்குத் தெரியும்? உங்களுக்கு மகன் இருக்கிறான். அதை யோசியுங்கோ" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கும் பயம். பயந்தவர் பயந்தவருக்குச் சொன்ன புத்தி அது.

நான் வாயைத் திறக்கவில்லை. அந்த நடையை மொப் பண்ணிக்கொண்டு வந்தேன். ரூபியின் கதிரை வந்தது. அவள் என்னைப் பார்த்துவிட்டு, நான் துடைப்பதற்காக இரண்டு காலையும் தூக்கிப் பிடித்தாள். "சொறி மிஸ்" என்று வேறு சொன்னாள். நான் கதிரைக்குக் கீழே துடைத்துவிட்டு அவளைத் தாண்டிப் போனேன். 

மறுநாள் காலை வேலை நேரமில்லை. ஆனாலும் எட்டரைக்கெல்லாம் பள்ளிக்கூடத்தில் நின்றேன். அப்பாவுக்கு மட்டும் சொல்லியிருந்தேன். "போ, போய்ச் சொல்லு. வேலை போனால் வென்ட்வேர்த்வில் தமிழ்க் கடையள்ல இடியப்பம் அவிக்க ஆள் தேடுகினம்" என்றார் அவர். அதிபரின் அறையில் அவரும் அன்ரி ஜோலீனும் ரூபியும் ரூபியின் தாயும் இருந்தார்கள். வழியெல்லாம் ஆங்கிலத்தில் நல்ல வசனமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன், கதவைத் திறந்ததும் எல்லாம் பறந்துவிட்டது. "நொட் ரூபி. மீ. ஐ வோஷ்" என்றேன். என் தொலைபேசியில் இருந்த படத்தை நீட்டினேன்.

ரூபி கதிரையிலிருந்து துள்ளி எழும்பினாள். "நான் சொன்னனான்தானே! சொன்னனான்தானே!" என்று தாயைப் பார்த்துக் கத்தினாள். அதிபரின் முகம் சிவந்தது, உடனே ரூபியிடம் மன்னிப்புக் கேட்டார். தாய் மட்டும் அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நேற்றுப் பின்னேரம் நீங்கள் இஞ்சதானே நிண்டனீங்கள்?"

"ஓம்."

"இவள் வெளியில இருந்ததைக் கண்டனீங்கள்?"

"ஓம். கண்டனான்."

"கண்டுபோட்டும் போனனீங்கள்."

 ரூபிக்கு முன்னால் போய்க் குனிந்து, "பிழை என்னுடையது. நேற்றே சொல்லியிருக்க வேணும். பயந்துபோனன்" என்றேன். அவள் தோளைக் குலுக்கினாள். பெரிய ஆட்களுக்கும் பயம் வருமா என்று பார்ப்பதுபோல் பார்த்தாள். தாய் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். நீ புது இடத்தில் வேலை தொடங்கியிருக்கிறாய், தம்பி. பிழை வரும், வராமல் இராது. வந்த அன்றைக்கே சொல்லிவிடு. ஒரு நாள் பிந்தினால் பிழை இரண்டாகிவிடும். முதலாவதை மன்னிக்கிறவர்களும் இரண்டாவதை மன்னிக்க யோசிப்பார்கள்.

இனித்தான் நல்ல கட்டம். அன்ரி ஜோலீன், "ஒன்று கேக்கட்டே? அந்தக் கரி வருசக்கணக்கா நிக்குமெண்டு சொல்லித்தான் எனக்கு வித்தவங்கள். எப்பிடி ஒரு பின்னேரத்தில கழட்டினனீங்கள்?" என்றார். கோபமா பகிடியா என்று எனக்குப் பிடிபடவில்லை. உண்மையைச் சொன்னேன். அந்தச் சுவரில் எதுவும் நிற்காது. நாலு வருடமாகக் கழுவுகிறேன். உள்ளே எங்கேயோ குழாய் கசிகிறது. ஒவ்வொரு குளிர்காலமும் பாசி பிடிக்கும், பூசிய பெயின்ட் சோற்றுப் பருக்கை மாதிரி உதிரும். கசிவதற்கு ஆங்கிலச் சொல் வரவில்லை. "திஸ் வோல், எவ்ரி விண்டர், கிரையிங்" என்றேன். அன்ரி ஜோலீன் எழும்பினார். "வாங்கோ, காட்டுங்கோ."

நானும் அவரும் அதிபரும் போனோம். நான் செங்கல் செங்கலாகக் காட்டினேன். எந்த இடத்தில் ஈரம் ஏறும், எந்த மூலையில் உப்புப் பூக்கும், எது தட்டினால் மாவாகக் கொட்டும் என்று எனக்குத் தலைகீழாகத் தெரியும். நாலு வருடத்தில் முதல் தடவையாக ஒருத்தர் அதைக் கேட்கிறார்! அன்ரி ஜோலீன் உள்ளங்கையைச் சுவரில் அழுத்தி எடுத்தார். கை ஈரம். "ரெண்டு வருசத்தில என்ர விலாங்கு செத்திருக்கும்" என்றார். பிறகு, "நல்ல சுவர் எது?" என்று என்னைக் கேட்டார், அதிபரை அல்ல. நான் யோசிக்கவே இல்லை. வீதிப்பக்கச் சுவர் என்றேன். குழாய் இல்லை, காலை வெயில் படும், மழைச்சாரல் அடிக்காது. அதைக் கேட்டதும் அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "மூண்டு தரம் அந்தச் சுவரைக் கேட்டனான். முன்பக்கம் வெறுமையா இருந்தால்தான் வடிவு, பின்பக்கம் காணும் எண்டவை" என்றார். அதிபரும் சுவரைத் தொட்டுவிட்டுத் தன் ஈரக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இந்தச் சுவரில கீறச் சொல்லி இனி ஒருத்தரும் கேக்கேலாது" என்று மட்டும் சொன்னார். இரண்டு கிழமை, சரியாகப் பதினான்கு நாளில், முன்சுவருக்கு அனுமதி வந்துவிட்டது.

உனக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. நீ சுவருக்குள் வயர் இழுக்கிறவன். துளைக்கிறதுக்கு முதல், அந்தச் சுவரைத் தினமும் துடைக்கிற ஆள் யாரென்று பார்த்து அவரிடம் ஒரு சொல் கேள். வரைபடத்தில் இல்லாதது அவரிடம் இருக்கும்.

வேலை போகவில்லை. கம்பனி எனக்கும் பாலா மாமாவுக்கும் எச்சரிக்கைக் கடிதம் தந்தது. அவர் ஒரு கிழமை என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை காலையில், முன்சுவரைக் கழுவித் தயார்ப்படுத்த நான் போய் நின்றபோது, தன் சொந்த மெஷினை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். "தள்ளுங்கோ அக்கா, உங்களுக்குக் கழுவக் குடுத்தால் சுவரே மிஞ்சாது" என்றார். அன்று அன்ரி ஜோலீன் வானுக்குப் பக்கத்தில் புல்லில் இருந்தபடி, விலாங்குகள் ஆற்றைவிட்டுக் கடலுக்குப் போய் எத்தனையோ தூரத்தில் குஞ்சு பொரிக்கிறதையும், கண்ணாடி மாதிரி இருக்கும் அந்தக் குஞ்சுகள் வழி கண்டுபிடித்துத் திரும்பி வருகிறதையும் சொன்னார். பாலா மாமா மெஷினை நிறுத்திவிட்டு வாயைத் திறந்தபடி கேட்டார். நீ இருக்கிற மெல்பேர்ணின் மண்ணுக்குச் சொந்தக்காரர் வேறு மக்கள், வேறு மொழி என்றும் அன்ரி ஜோலீன்தான் எனக்குச் சொன்னார். போய் விசாரி. அங்குள்ள ஆற்றின் பழைய பெயர் என்னவென்று கேட்டு எனக்கும் எழுது.

பிறகு ஐந்து கிழமை வேலை. நான் மூன்று மணிக்கு வந்ததும் முதலில் அந்தச் சுவரிடம்தான் ஓடுவேன். இன்றைக்கு என்ன வந்திருக்கிறது, வள்ளமா, நெருப்பா, பூவா! விலாங்கின் தலையை ரூபிதான் வரைந்தாள், சீட்டு விழுந்த பிள்ளையே அவளுக்கு விட்டுக்கொடுத்தது. என்னைக் கண்டால், "மிஸ், இது கிறுக்கல் இல்லை, ஓவியம். விளங்குதோ?" என்று கேட்பாள். "விளங்குது, விளங்குது" என்பேன். அவளுடைய தாய் மட்டும் வாசலில் என்னைக் கண்டால் மறுபக்கம் பார்த்துக்கொண்டு போவார். அது நியாயம்தான்.

நேற்று நான் சீருடை போடவில்லை. மாம்பழ நிறச் சேலை உடுத்து, முன்வாசலால் உள்ளே போனேன். அப்பா செவன் ஹில்ஸ் தொழிற்சாலையில் லீவு போட்டுவிட்டு வந்தார். யூக்கலிப்டஸ் இலைகளில் புகை எழுப்பி எல்லாரையும் அந்தப் புகையினூடாக நடக்கச் சொன்னார்கள், அது அவர்களுடைய வரவேற்புச் சடங்காம். நடனம், கைதட்டல், பிள்ளைகளின் கூச்சல். வீதியில் போன பஸ் ட்ரைவர் ஒருவர் நிறுத்திப் பார்த்துவிட்டு ஹோர்ன் அடித்துக்கொண்டு போனார்! அப்பா எடுத்த படங்கள் முக்கால்வாசி கலங்கியிருப்பதற்குக் காரணம் அவர் கண் கலங்கியிருந்தது.

கூட்டம் கலைகிற நேரம் ரூபியின் தாய் நேரே என்னிடம் வந்தார்.  "எனக்கு உங்களில கோபம் இன்னும் முழுக்கப் போகேல்லை" என்றார். "ஆனால் ஒண்டு சொல்லவேணும். நான் சின்னப் பிள்ளையா இருக்கேக்க எத்தினையோ தரம் செய்யாததுக்குப் பழி கேட்டனான். என்ர அம்மாவும் கேட்டவ. இது உங்கட பிள்ளை செய்யேல்லை எண்டு ஒருத்தரும் திரும்பி வந்து சொன்னதில்லை. நீங்கள் ஒரு நாள் பிந்தித்தான் வந்தனீங்கள். எண்டாலும் வந்தனீங்கள்." என் கையை ஒரு தரம் அழுத்திவிட்டுப் போனார்.

உண்மையைச் சொல்லப் போன அன்று காலை என்னைப் பள்ளிக்கூடத்துக்கு நடத்திக்கொண்டு போனது எது என்று அப்பா கேட்டார். அவருக்கு மறுமொழி சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன். ரூபி காலைத் தூக்கிப் பிடித்தபோது நான் கண்டது அவளை அல்ல. உன்னை. அப்போது நீ ஐந்தாம் வகுப்பு. கழிவறையில் யாரோ குழாயை உடைத்து, நடையெல்லாம் வெள்ளம். உன்னோடு சேர்த்து மூன்று பிள்ளைகளைப் பிடித்தார்கள். மற்ற இரண்டு பேரின் பெற்றோரும் வந்து நின்று பேசினார்கள். எனக்குப் பேச ஆங்கிலமும் இல்லை, துணிவும் இல்லை. அந்தக் கிழமைதான் விசா அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. உன்னை மேசையில் இருத்தி மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னேன். "நான் செய்யேல்லை அம்மா. நீங்கள் நம்பிறியளோ?" என்று கேட்டாய். "நம்பிறன். ஆனால் எழுது" என்றேன். நீ பென்சிலை அழுத்தி அழுத்தி எழுதினாய், தாள் கிழிந்தது, வேறு தாள் தந்தேன். அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் நடந்த ஒன்றையும் நீ எனக்குச் சொன்னதில்லை. நானோ, என் பிள்ளைக்குப் பிரச்சினையே இல்லை, வாய் திறக்காத பிள்ளை என்று சனத்துக்குப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அன்றைக்கு நான் எழுதியிருக்க வேண்டிய கடிதத்தை இன்றைக்கு எழுதுகிறேன், மகனே. அந்தக் குழாயை நீ உடைக்கவில்லை. எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துகொண்டே உன்னை எழுத வைத்தேன். என்னை மன்னித்துவிடு.

வாசித்து முடித்ததும் என்னைத் தொலைபேசியில் எடு. ஐந்தாம் வகுப்பிலிருந்து தொடங்கிச் சொல்லு, எனக்குச் சொல்லாமல் விட்டதெல்லாம். இன்றைக்கும் நாளைக்கும் எனக்கு வேலை இல்லை.

உன் அம்மா